பத்து லட்சம் மாணவர்களை அழைத்த நாடு கதவைச் சாத்தியது ஏன்?

"உங்கள் பையன் இப்போது என்ன செய்கிறான்?"

"கனடாவில் படிக்கிறான்."

கல்யாண வீட்டுப் பந்தியில் இப்படி ஒரு பேச்சு வந்தால், பக்கத்து இலைக்காரர் திரும்பிப் பார்ப்பார். பதில் சொன்ன தகப்பனாரின் முகத்தில் பெருமை தெரியும். அந்தப் படிப்புக்காக வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருப்பது பக்கத்து இலைக்காரருக்குத் தெரியாது.

கடல் கடந்து போய்ப் படிப்பது ஒரு காலத்தில் பாரிஸ்டர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஜமீன் வீட்டுப் பிள்ளைகளுக்கும் உரிய காரியமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் மகள் போகிறாள். பஸ் கண்டக்டர் மகன் போகிறான். கடன் வாங்கியாவது போகிறார்கள்.

சொந்த நாட்டை விட்டு வேறு நாட்டில் கல்லூரிப் படிப்பு படிப்பவர்கள் 2000-ம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 20 லட்சம் பேர். 2022-ம் ஆண்டில் இந்தக் கணக்கு சுமார் 69 லட்சமாக ஏறிவிட்டது. இது யுனெஸ்கோ சபையின் கணக்கு. அதாவது, 22 ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல்!

மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஏறுமுகம்தான். ஆனால் நாடு நாடாகப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை தெரியும். ஒரு நாட்டில் கிடுகிடு என்று ஏறும். திடீரென்று தடால் என விழும். விழுந்த இடத்தில் படிப்பு இருக்காது, புத்தகம் இருக்காது. ஒரு சர்க்கார் உத்தரவு இருக்கும்.

இதற்குக் கனடாவின் கதையை விடப் பொருத்தமான சாட்சி வேறு இல்லை.

ஏறிய வேகம்

கனடா நிலப்பரப்பில் மிகப் பெரிய நாடு. ஜனத்தொகையோ குறைவு. 2023 ஜூன் மாதத்தில்தான் அது 4 கோடியைத் தொட்டது. வயதானவர்கள் கூடிக் கொண்டே போகிறார்கள். பிறக்கும் குழந்தைகள் குறைவு. எனவே, வெளியிலிருந்து ஆட்கள் வர வேண்டும். படித்த இளைஞர்களாக வந்தால் இன்னும் நல்லது.

2014-ம் ஆண்டில் கனடா சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. 2022-க்குள் 4½ லட்சம் வெளிநாட்டு மாணவர்களைக் கொண்டு வருவது என்பது குறி. 8 ஆண்டுத் திட்டம். ஆனால் 2017-லேயே குறியைத் தாண்டியாகிவிட்டது!

அப்போது யாரும் "போதும்" என்று சொல்லவில்லை. 2015-ம் ஆண்டு முடிவில் படிப்பு அனுமதி பெற்றிருந்தவர்கள் சுமார் 3½ லட்சம் பேர். 2022 முடிவில் 8 லட்சத்துக்கும் மேல். 2023 முடிவில் 10 லட்சத்து 40 ஆயிரம்!

கனடாவில் இருந்த ஜனங்களில் ஏறக்குறைய 40 பேருக்கு ஒருவர் வெளிநாட்டு மாணவர் என்று ஆனது. அந்த 10 லட்சத்தில் இந்தியப் பிள்ளைகள் மட்டும் 4 லட்சத்து 27 ஆயிரம். அதாவது, 100-க்கு 41 பேர். பஞ்சாபிலிருந்து போனவர்கள் மிகுதி. அங்கே கிராமத்துக்குக் கிராமம் ஆங்கிலப் பரீட்சைக்குப் பயிற்சி கொடுக்கும் கடைகள் முளைத்தன. நிலத்தை விற்று மகனை விமானம் ஏற்றிய விவசாயிகள் ஏராளம்.

போனவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் போய் இறங்கியது ஒன்டாரியோ மாகாணத்தில். டொரண்டோ நகரம் உள்ள மாகாணம் அது. இலங்கைத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிற ஸ்கார்பரோ பகுதியும் அங்கேதான்.

கல்லா நிரம்பியது

கல்லூரிகள் ஏன் இப்படி அள்ளி அள்ளிச் சேர்த்தன? பிற நாட்டுப் பிள்ளைகளுக்குக் கல்விக் கண் திறக்க வேண்டும் என்ற தர்ம சிந்தனையா?

ஒன்டாரியோவில் 2019-ம் ஆண்டு ஒரு காரியம் நடந்தது. உள்ளூர் மாணவர்களின் சம்பளத்தை 100-க்கு 10 வீதம் மாகாண சர்க்கார் குறைத்தது. குறைத்த சம்பளத்தை மேலே ஏற்றக்கூடாது என்றும் கட்டிப் போட்டது. உள்ளூர்த் தாய் தந்தையருக்குச் சந்தோஷம். ஓட்டுப் போடுகிறவர்கள் அல்லவா அவர்கள்?

கல்லூரி நடத்தப் பணம் வேண்டுமே! மின்சாரச் செலவு குறையுமா? ஆசிரியர் சம்பளம் குறையுமா? சர்க்கார் மானியமும் போதவில்லை. உள்ளூர்ப் பையனிடம் கூடுதலாக ஒரு டாலர் வாங்க முடியாது. ஆனால் வெளிநாட்டுப் பையனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம். அதற்குத் தடை இல்லை. உள்ளூர்ப் பையன் கட்டுவதைப் போல நாலு மடங்குக்கு மேல் வெளியூர்ப் பையன் கட்டினான்.

ஒன்டாரியோ மாகாணத்தின் தணிக்கை அதிகாரி 2021-ம் ஆண்டு இறுதியில் ஓர் அறிக்கை கொடுத்தார். சர்க்கார் கல்லூரிகளில் படித்தவர்களில் வெளிநாட்டார் 100-க்கு 30 பேர்தான். ஆனால் சம்பளமாக வந்த பணத்தில் 100-க்கு 68 பங்கு அவர்கள் கட்டியது! அந்த வெளிநாட்டு மாணவர்களிலும் 100-க்கு 62 பேர் இந்தியாவிலிருந்து போனவர்கள். ஒரே நாட்டை நம்பி இப்படிக் கல்லூரி நடத்துவது ஆபத்து என்று அந்த அறிக்கை அப்போதே எச்சரித்தது. கேட்பார் இல்லை.

ஒன்டாரியோப் பிள்ளைகளின் சம்பளக் குறைப்புக்குப் பணம் கொடுத்தது யார் என்பது இப்போது புரிகிறதல்லவா? ஜலந்தரிலும் ஆமதாபாத்திலும் நகையை அடகு வைத்த குடும்பங்கள்!

சில கல்லூரிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஊருக்கு வெளியே எங்கோ இருக்கும் கல்லூரி, டொரண்டோப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியோடு ஒப்பந்தம் போட்டுக் கொள்ளும். பாடத்திட்டமும் பட்டயமும் சர்க்கார் கல்லூரியுடையது. பாடம் நடத்துவது தனியார். சேர்ந்தவர்களோ பெரும்பாலும் வெளிநாட்டார். சேர்த்து விட்ட ஏஜெண்டுக்குக் கமிஷன். தனியாருக்கு ஒரு பங்கு. சர்க்கார் கல்லூரிக்கு ஒரு பங்கு. பையனுக்கு? அவனுக்கு ஒரு பட்டயமும், அதைக் காட்டி வேலை பார்க்கும் அனுமதியும்.

உண்மையில், பலர் விலை கொடுத்து வாங்கியது அந்த வேலை அனுமதியைத்தான். இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. பையனுக்கும் அது தெரியும். ஏஜெண்டுக்கும் தெரியும். கனடா சர்க்காருக்கும் தெரியும். 2022 நவம்பரில் ஆள் பற்றாக்குறை வந்தபோது, வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் மாணவர்கள் வேலை செய்யக்கூடாது என்ற விதியைச் சர்க்காரே நிறுத்தி வைத்தது. 2024 ஏப்ரல் கடைசி வரை அந்தச் சலுகை இருந்தது. பகலில் வகுப்பு. இரவில் பண்டகசாலையிலும் பலகாரக் கடையிலும் வேலை. அந்த நாட்டுக்கு அந்த உழைப்பு அப்போது தேவைப்பட்டது.

முணுமுணுப்பு

பத்து லட்சம் பேர் எங்கே தங்குவார்கள்?

கல்லூரிகள் சம்பளம் வாங்கின. விடுதி கட்டவில்லை. கட்டியவையும் போதவில்லை. பிள்ளைகள் வீடு தேடி அலைந்தார்கள். தரைக்குக் கீழே உள்ள நிலவறைகளில் 6 பேர், 8 பேர் என்று பாய் விரித்துப் படுத்தார்கள். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே காற்று இல்லை. ஊருக்குப் போன் செய்யும்போது மட்டும், "நன்றாக இருக்கிறேன் அம்மா, சாப்பிட்டு விட்டேன்" என்பார்கள்.

கனடாவில் வீட்டு வாடகை ஏற்கெனவே ஏறிக் கொண்டிருந்தது. வீடு கட்டுவது பல ஆண்டுகளாகப் பின்தங்கியிருந்தது. வட்டி விகிதமும் ஏறியது. ஆனால் வட்டி விகிதம் கண்ணுக்குத் தெரியாது. பஸ் நிறுத்தத்தில் வரிசையாக நிற்கும் வெளிநாட்டு மாணவன் கண்ணுக்குத் தெரிவான். பழி அவன் மேல் விழுந்தது.

அதே சமயத்தில் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. ஏஜெண்டுகள் கொடுத்த போலிச் சேர்க்கைக் கடிதத்துடன் சில ஆண்டுகளுக்கு முன் கனடா வந்த இந்திய மாணவர்கள் பலர் நாடு கடத்தப்படும் நிலை 2023-ல் ஏற்பட்டது. தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். வஞ்சகத்துக்கு உடந்தையானவர்கள் வேறு, வஞ்சிக்கப்பட்டவர்கள் வேறு என்று பிரித்துப் பார்க்க சர்க்கார் தனிக் குழு அமைத்தது. கல்லூரியிடமே நேராகக் கேட்டுக் கடிதத்தைச் சரிபார்க்கும் முறை 2023 டிசம்பர் 1 முதல் வந்தது. பத்து லட்சம் பேரை விட்ட பிறகு வந்த பூட்டு!

விழுந்தது பூட்டு

2024 ஜனவரி 22. குடியேற்ற இலாகா மந்திரி மார்க் மில்லர் அறிவித்தார். அந்த ஆண்டு சுமார் 3 லட்சத்து 60 ஆயிரம் படிப்பு அனுமதிகள்தான். முந்திய ஆண்டை விட 100-க்கு 35 வீதம் குறைவு. மாகாணத்துக்கு இவ்வளவு என்று பங்கீடு. மாணவர்கள் குவிந்து கிடந்த ஒன்டாரியோவுக்குத்தான் பெரிய வெட்டு.

அதற்கு முன்பே, அதே ஜனவரி 1 முதல், கையில் காட்ட வேண்டிய பணம் உயர்ந்துவிட்டது. படிப்புச் சம்பளம் போக, ஓர் ஆண்டுச் சாப்பாட்டுச் செலவுக்கு 10,000 டாலர் காட்டினால் போதும் என்று இருந்தது. அது 20,635 டாலர் ஆனது. நம் பணத்தில் அப்போது ஏறக்குறைய 12½ லட்சம் ரூபாய்.

பிறகு உத்தரவு மேல் உத்தரவு. தனியார் ஒப்பந்தக் கல்லூரிகளில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் படிப்புக்குப் பின் வேலை அனுமதி கிடையாது. பட்டயப் படிப்பு படிக்கிறவரின் கணவன் அல்லது மனைவிக்கு வேலை அனுமதி கிடையாது. சில பாடங்கள் படித்தால்தான் வேலை அனுமதி என்று 2024 நவம்பரில் இன்னொரு விதி. நிரந்தரக் குடியுரிமைக்கு 2025-ல் 5 லட்சம் பேரை எடுப்பதாக இருந்ததையும், 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தார்கள்.

2025 நவம்பரில் வந்த திட்டத்தைப் பார்த்தால் வேகம் இன்னும் தெரியும். 2026-ல் புதிதாக வரவிடப் போகும் மாணவர்கள் 1 லட்சத்து 55 ஆயிரம் பேர். அதற்கு முந்திய திட்டத்தில் அதே ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் மேல் என்று இருந்தது!

கல்லூரிகள் என்ன ஆயின? பணம் கொண்டு வந்தவன் வராவிட்டால் கல்லா காலிதானே! ஒன்டாரியோவின் 24 சர்க்கார் கல்லூரிகளில் 600-க்கும் மேற்பட்ட படிப்புகள் நிறுத்தப்பட்டன. சுமார் 10,000 பேருக்கு வேலை போகிறது என்று 2025 ஜூலையில் செய்தி வந்தது. உள்ளூர் ஆசிரியர்கள், அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் அதில் அடக்கம். வெளிநாட்டு மாணவன் யாருடைய வேலையைப் பறிக்கிறான் என்று கேட்டவர்களுக்கு, அவன் வராததால் யாருடைய வேலை போயிற்று என்பதும் தெரிந்துவிட்டது.

தன் நாட்டுக்குள் எத்தனை பேரை விடுவது என்று முடிவு செய்யும் உரிமை எந்த சர்க்காருக்கும் உண்டு. வீட்டில் இடம் இல்லை என்றால் விருந்தாளியை "அடுத்த மாதம் வாருங்கள்" என்று சொல்வதில் தவறு இல்லை. போலிக் கல்லூரிகளை மூடியதும் சரியே. அதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆனால் கூப்பிட்டு உட்கார வைத்து, இலை போட்டு, பாதிச் சாப்பாட்டில் "எழுந்திரு" என்று சொல்லலாமா? குடியுரிமை கிடைக்கும் என்ற பேச்சை நம்பித்தான் 2022-லும் 2023-லும் பிள்ளைகள் போனார்கள். அந்தப் பேச்சை ஏஜெண்டுகள் மட்டும் பேசவில்லை. கனடா சர்க்காரின் சொந்த விளம்பரமே படி, வேலை செய், தங்கிவிடு என்ற தொனியில்தான் இருந்தது. போன பிறகு விதியை மாற்றுவது முறை ஆகாது. புதிய விதி புதிதாக வருகிறவனுக்கு. பழைய விதியில் வந்தவனைப் பழைய விதிப்படியே நடத்துவதுதான் நியாயம்.

பிரிட்டன் முன்பே செய்தது

கனடாவைத் தனியாகக் குறை சொல்லவும் கூடாது. பிரிட்டன் இந்த வித்தையை முன்பே காட்டியிருக்கிறது.

மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த சமயம். வெளிநாட்டு மாணவர்கள் படிப்புச் செலவு முழுவதையும் தாங்களே கட்ட வேண்டும் என்று 1980 முதல் விதி வந்தது. எண்ணிக்கை சரிந்தது. மலேசியாவிலிருந்து பிள்ளைகள் பெருந்தொகையாக அங்கே படித்து வந்தார்கள். மலேசியப் பிரதமர் மகாதிர் முகமதுவுக்குக் கோபம் வந்தது. வேறு சில மனத்தாங்கல்களும் சேர்ந்து கொண்டன. எந்தச் சாமானையும் பிரிட்டனிடம் கடைசியாகத்தான் வாங்குவது என்று 1981-ல் உத்தரவு போட்டார். மாணவர் சம்பளம் வியாபாரத்தில் போய் இடித்தது! 1983-ல் பிரிட்டன் கொஞ்சம் இறங்கி வந்து, உபகாரச் சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கியது.

2012-ல் மறுபடியும் ஓர் உத்தரவு. படித்து முடித்தவர்கள் தங்கி வேலை தேடிக் கொள்ள இருந்த அனுமதி ரத்து. பிரிட்டனில் படித்த இந்திய மாணவர்கள் 2010-11ல் 39 ஆயிரம் பேர். 2016-17ல் அது 17 ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. 2021-ல் அந்த அனுமதியைத் திரும்பவும் கொடுத்தார்கள். 2022-23ல் இந்தியர்கள் எத்தனை பேர் தெரியுமா? 1 லட்சத்து 73 ஆயிரம்!

கேம்பிரிட்ஜும் ஆக்ஸ்போர்டும் இருந்த இடத்தில்தான் இருந்தன. பாடமும் மாறவில்லை. ஒரு விதி போனது, திரும்ப வந்தது. எண்ணிக்கை அதன் பின்னாலேயே ஓடியது.

2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி மாணவர்களைத் தவிர மற்றவர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்று பிரிட்டன் தடுத்தது. மறுபடி இறங்குமுகம். அதே சமயம் நைஜீரியாவில் நாணய மதிப்பு 2023-ல் பாதாளத்துக்குப் போனது. அந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி. லண்டனில் சம்பளம் அதே பவுன்தான். ஆனால் லேகாஸில் உள்ள தகப்பனார் மூட்டை மூட்டையாக நைரா கட்ட வேண்டி வந்தது.

குளமும் வாய்க்காலும்

அமெரிக்காவின் கணக்கைப் படிக்க ஒரு சூட்சுமம் தெரிய வேண்டும்.

2024-25 கல்வி ஆண்டில் அமெரிக்காவில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் 11 லட்சத்து 77 ஆயிரம் பேர். இதுவரை இல்லாத உச்சம். அதில் இந்தியர்கள் 3 லட்சத்து 63 ஆயிரம். முதல் இடம். சீனர்கள் 2 லட்சத்து 66 ஆயிரம். 2009-10 முதல் சீனாதான் முன்னால் இருந்தது. 2023-24ல் இந்தியா முந்தியது.

இதைப் படித்தால், "அமெரிக்காவில் நிலைமை அமோகம்" என்று தோன்றும். சற்றுப் பொறுங்கள். அந்த 11 லட்சத்து 77 ஆயிரத்தில் 2 லட்சத்து 94 ஆயிரம் பேர் படித்து முடித்து விட்டவர்கள். படிப்புக்குப் பிந்திய பயிற்சி என்ற பெயரில் வேலையில் இருப்பவர்கள். கணக்கில் அவர்களும் மாணவர்களே!

ஊர்க் குளத்தில் தண்ணீர் தளதளவென்று நிற்கும். பார்த்தால் கவலை இல்லை. வாய்க்காலைப் போய்ப் பார்த்தால் வரத்து வற்றியிருக்கும். அது போலத்தான். 2025-ம் ஆண்டு மே கடைசியில், மாணவர் விசாவுக்குப் புதிதாகப் பேட்டி நாள் கொடுப்பதை அமெரிக்கத் தூதரகங்கள் நிறுத்தின. ஜூன் நடுவில் திரும்பத் தொடங்கின. சமூக வலைத்தளத்தில் என்ன எழுதினான் என்று தோண்டிப் பார்க்கும் சோதனையும் வந்தது. அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் 800-க்கும் மேற்பட்ட கல்லூரிகளைக் கேட்டார்கள். புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டார் 100-க்கு 17 வீதம் குறைவு! மொத்தக் கணக்கோ 100-க்கு 1 வீதம்தான் இறங்கியிருந்தது. குளம் நிறைவாகத் தெரிந்தது. வாய்க்கால் வற்றத் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவில் அரசியல் காற்று மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு ஈரான் நாட்டு மாணவர்களே பழைய சாட்சி. 1979-80ல் அமெரிக்காவில் முதல் இடத்தில் இருந்தவர்கள் அவர்கள்தான். 51 ஆயிரத்துக்கும் மேல். ஈரானில் புரட்சி நடந்தது. அமெரிக்கத் தூதரகத்தில் ஆட்கள் சிறைப் பிடிக்கப்பட்டார்கள். அமெரிக்காவில் படித்த ஈரானிய மாணவர்கள் எல்லாரும் குடியேற்ற அதிகாரியிடம் வந்து ஆஜராக வேண்டும் என்று ஜனாதிபதி கார்ட்டர் உத்தரவிட்டார். டெஹ்ரானில் நடந்ததற்கு டெக்சாஸில் கணக்குப் படித்த பையன் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 20 ஆண்டுகள் கழித்து, அங்கே இருந்த ஈரானிய மாணவர்கள் 2 ஆயிரம் பேர் கூட இல்லை.

ஆஸ்திரேலியாவும் கட்டணத்தாலேயே கதவை இறுக்கியது. மாணவர் விசாக் கட்டணம் 710 டாலராக இருந்தது. 2024 ஜூலையில் 1,600. 2025 ஜூலையில் 2,000. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது. கொரோனாக் காலத்தில் அந்த நாடு நடந்து கொண்டதையும் மறக்க முடியாது. செலவுக்கு வழி இல்லாத வெளிநாட்டார் ஊர் திரும்பட்டும் என்ற பொருளில் பிரதமரே 2020 ஏப்ரலில் பேசினார். ஊரில் மாட்டிக் கொண்ட மாணவர்களுக்கு 2021 டிசம்பர் வரை எல்லை திறக்கவில்லை.

அழைக்கும் நாடுகள்

எல்லாக் கதவும் மூடியிருக்கவில்லை. ஜெர்மனியில் பெரும்பாலான சர்க்கார் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டாருக்கும் படிப்புச் சம்பளம் இல்லை. ஒரு மாநிலம் மட்டும் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. சாப்பாட்டுச் செலவுக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே பாங்கியில் கட்டிக் காட்ட வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் விதி. மாதா மாதம் அதிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். பணம் பையனுடையதே. கல்லூரிக் கல்லாவுக்குப் போவதில்லை.

அங்கே 2024-25 குளிர் காலப் பருவத்தில் வெளிநாட்டு மாணவர்கள் ஏறக்குறைய 4 லட்சம் பேர். இந்தியர்கள்தான் முதல் இடம். ஆனால் ஜெர்மன் பாஷை தெரியாமல் அந்த நாட்டில் வேலை தேடுவது கல்லில் நார் உரிப்பது. அதையும் சொல்லி விட வேண்டும்.

ஜப்பான் நிதானமான நாடு. 1983-ல் அங்கே வெளிநாட்டு மாணவர்கள் 10 ஆயிரம் பேர்தான். ஒரு லட்சமாக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். 20 ஆண்டு காத்திருந்து 2003-ல் எட்டினார்கள். பிறகு 3 லட்சம் என்று குறி வைத்தார்கள். 2019-ல் தொட்டார்கள். இப்போது 2033-க்குள் 4 லட்சம். 2024-ல் இருந்தவர்கள் 3 லட்சத்து 36 ஆயிரம். நேபாளத்துப் பிள்ளைகள் வியட்நாமியரை முந்தி, சீனருக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் படிக்கும் போது வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்ற விதியை ஜப்பான் தளர்த்தவில்லை.

ஜப்பானிலும் குழந்தைகள் குறைவு, கிழவர்கள் அதிகம். கனடாவுக்கு இருந்த அதே தேவைதான். கனடா 8 ஆண்டில் மூன்று மடங்காக்கியது. அப்படி ஏறியதை யாரும் கவனித்து நடத்த முடியாது. மாடு மலையேறுவது போல ஏறினால் இறங்கும்போது கால் உடையாது.

போகிறவர்கள் பக்கம்

இந்தியாவிலிருந்து படிப்புக்காக வெளிநாடு கிளம்பியவர்கள் 2023-ல் 8 லட்சத்து 92 ஆயிரம் பேர். 2024-ல் 7 லட்சத்து 59 ஆயிரம். ஒரே ஆண்டில் 1 லட்சத்து 33 ஆயிரம் பேர் குறைவு.

நம் நாட்டுக்கு வந்து படிக்கிறவர்கள் எத்தனை பேர்? 2021-22 கணக்குப்படி 46,878 பேர். அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் நேபாளத்தவர். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் மலையும் பாலைவனமும் தாண்டி நாலந்தாவுக்கு வந்து படித்த நாடு இது! இங்கே நல்ல கல்லூரியில் இடம் போதாமல்தான் பாதிப்பேர் வெளியே போகிறார்கள் என்பதை டில்லி சர்க்காரும் மாநில சர்க்கார்களும் மறந்துவிடக் கூடாது.

ஏஜெண்டு விஷயத்திலும் நம் சர்க்கார்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு பையனை ஒரு கல்லூரியில் சேர்த்தால் அந்தக் கல்லூரி ஏஜெண்டுக்குக் கமிஷன் கொடுக்கிறது. அப்படியானால் அவர் யாருடைய ஆள்? வீட்டுக்கு வந்து காப்பி சாப்பிட்டு, "அண்ணாச்சி, தம்பியை என்னை நம்பி விடுங்கள்" என்பார். அவருக்குச் சம்பளம் கொடுப்பது அண்ணாச்சி அல்ல. எந்தக் கல்லூரியிடம் எவ்வளவு கமிஷன் வாங்குகிறார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என ஒரு சட்டம் போட்டால் போதும். பாதி மயக்கம் தெளியும்.

கடன் கொடுக்கும் பாங்கிகளும் யோசிக்க வேண்டும். நிலத்தின் மதிப்பைப் பார்க்கிறார்கள். தகப்பனாரின் சம்பளத்தைப் பார்க்கிறார்கள். பையன் சேரும் படிப்புக்கு வேலை அனுமதி உண்டா, அந்தக் கல்லூரியின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தால் என்ன?

கனடாவுக்கு இன்னும் ஒரு பொறுப்பு பாக்கி இருக்கிறது. 2023-ல் பட்டயம் வாங்கியவர்களில் பலருக்கு 3 ஆண்டு வேலை அனுமதி கிடைத்தது. அந்த 3 ஆண்டு 2026-ல் முடிகிறது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு 2027-ல் முடியும். நிரந்தரக் குடியுரிமைக்கான இடங்களோ குறைந்து விட்டன. இவர்கள் சம்பளத்தைப் பாக்கி இல்லாமல் கட்டியவர்கள். வரி கட்டியவர்கள். ஆள் இல்லாத சமயத்தில் இரவு பகலாக வேலை செய்தவர்கள். இவர்கள் வந்தபோது இருந்த விதிப்படி இவர்களுடைய மனுக்களைப் பார்ப்பதற்குத் தனியாக ஓர் ஏற்பாட்டை ஒட்டாவா சர்க்கார் செய்ய வேண்டும்.

ஊரில் கடன் தவணை மாதம் தவறாமல் வந்து கொண்டிருக்கிறது.